தலைவர் முதலில் குதிப்பார்

“பன்னிரண்டுன்னு எழுதிடுங்க, கோர்பினியான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

குளிக்கும் துறையின் காவலர் கோர்பினியான் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். கடைசியாகக் கயெத்தானைப் பார்த்தார்.

“தண்ணி பதினேழு டிகிரி இருக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா. இப்பத்தான் வெப்பமானியை விட்டு எடுத்தேன்.”

“அது எனக்கும் தெரியும். பன்னிரண்டுன்னு எழுதினா ஏரி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பியா போயிடும்?”

கயெத்தான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஆஸ்திரியாவில் ஒருவர் ஒரு முறை ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிவிட்டால், சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும்போதும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். அந்தப் பட்டத்துக்குக் கட்டுப்பட்டோ என்னவோ, கோர்பினியான் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

“நாளைக்குக் காலையில பலகையில பன்னிரண்டு இருக்கும். எதுக்குன்னு கேக்கமாட்டேன்.”

கேட்டிருந்தால் கயெத்தான் சொல்லியிருக்கவும் மாட்டார். இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்த நான்கு நண்பர்கள் முதல்முறையாகச் சேர்ந்து கிராட்ஸ்லிங் ஏரிக்கு விடுமுறைக்கு வந்தார்கள். முதல் நாள் காலை ஆறரை மணிக்குக் கயெத்தான் காப்பிக் கோப்பையோடு மரத்துறையில் நின்று அழகை ரசித்தார். பலகை ஈரம். கால் வழுக்கியது. கயெத்தான், கோப்பை, அதன் கீழ்த்தட்டு மூன்றும் ஏரிக்குள் போயின. மேலே வந்தது கயெத்தான் மட்டும். வந்ததும் குளிர் தாங்காமல் ஓர் அலறல் அலறினார் பாருங்கள், எதிர்மலைப் பசுக்கள் மூன்று நாளைக்குப் பால் கறக்க விடவில்லை என்று கேள்வி.

வேறு ஊராயிருந்தால் கயிறோடு ஓடி வந்திருப்பார்கள். அந்த மலைப்பக்கத்திலோ, ஒருவனுக்குச் சந்தோஷம் தலைக்கேறினால் அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட கூவல் கூவுவான். அதைக் கேட்டவன் பதிலுக்குக் கூவுவான். கயெத்தானின் அலறலுக்கு எதிர்மலை மேய்ச்சல்காரர் ஒருவர் உற்சாகமாகப் பதில் கூவினார். கரையில் நின்ற மூன்று நண்பர்களும், “ஆகா, நம்ம கயெத்தானுக்கு எவ்வளவு ஆனந்தம்!” என்று அப்படியே உடுப்போடு குதித்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே சங்கம் ஆரம்பித்தாயிற்று. அந்த நாட்டில் நான்கு பேர் ஓர் இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அது சங்கம். ‘கிராட்ஸ்லிங் நீர்ச் சிங்கங்கள்’. விதிகள் மூன்று: ஜூன் மூன்றாவது வாரம் தவறாமல் வரவேண்டும். தினமும் காலை ஆறரைக்கு நீரில் இறங்கி மிதவையைச் சுற்றி வரவேண்டும். தலைவர் முதலில் குதித்துக் கூவவேண்டும். தலைவர் கயெத்தான். ஆயுட்காலத் தலைவர்.

இப்போது அவருக்கு எழுபத்தொன்று. காலை எட்டு மணி வரை இறகு மெத்தைக்குள் கிடந்து, சூடான ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரைப் பாதாமி ஜாமும் தடவித் தின்று, பெஞ்சில் உட்கார்ந்து ஏரியை வெளியிலிருந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. “எனக்குப் பிடிக்கலைப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அதுதான் பயமே. முடிந்துபோகும். குளியல் போனால் சங்கம் போகும். சங்கம் போனால் அந்த வாரம் போகும். ஐம்பத்தொரு வாரம் வெல்ஸ் நகரத்து வீட்டில் தனியாகத் தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறவருக்கு, ஐம்பத்திரண்டாவது வாரம் லேசில் விட்டுவிடக்கூடியது அல்ல.

ஆகவே குளியல் நிற்கவேண்டும், ஆனால் தன்னால் நிற்கக்கூடாது. முப்பது வருடம் ரயில்களை மோதவிடாமல் பார்த்துக்கொண்ட மூளைக்கு இது ஒரு பிரமாதமா?

திங்கட்கிழமை காலை நால்வரும் துறைக்குப் போனார்கள். முன்னால் நோட்பூர்கா, ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே நடப்பாள். அடுத்து எங்கல்பெர்ட், மருந்துக்கடைக்காரர். கடைசியில் வின்சென்ஸ், பேக்கரிக்காரர், பெரிய உருவம், குழந்தை மனசு.

பலகையைப் பார்த்துக் கயெத்தான் திடுக்கிட்டார். அதில் பன்னிரண்டு இல்லை. ஒன்பது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“ஒன்பதா!” என்றார் எங்கல்பெர்ட், பலகைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய்.

“ஒன்பது!” என்றாள் நோட்பூர்கா. “இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு குளிர் வந்ததில்லை. என்னடா கயெத்தான், தலைவர் என்ன சொல்றே?”

மூன்று ஜோடிக் கண்கள் தன் வாயையே பார்ப்பதைக் கயெத்தான் கண்டார். அடடா, எவ்வளவு ஆவல்! இந்த முகங்களைப் பார்த்து எப்படி ‘வேண்டாம்’ என்பது? அவர்களாகவே சொல்லட்டும் என்று, “நீங்க என்ன சொல்றீங்களோ அது” என்றார்.

“உனக்குப் பயமில்லைன்னா எங்களுக்கு என்ன பயம்?” என்றாள் நோட்பூர்கா. “சாதனை நாள்! இன்னிக்கு மிதவையை ரெண்டு சுத்து!”

ரெண்டு சுத்து. கரையேறியபோது கயெத்தானின் பற்கள் தந்தி அடித்தன. அடித்தது தந்தியானால் வியன்னாவில் யாராவது எழுதி எடுத்திருக்கலாம். கோர்பினியானைத் தனியே பிடித்து இழுத்தார்.

“யோவ், நான் கேட்டது பன்னிரண்டு. ஒன்பது யாரு கேட்டா?”

கோர்பினியான் மீசையைத் தடவிக்கொண்டார். “இந்த வாரம் என் பலகைக்கு ரொம்ப மவுசு ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு, படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார். சாக்பீஸ் கையிலிருந்தால் சிலருக்கு இப்படித்தான், தாராளம் வந்துவிடுகிறது என்று கயெத்தான் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டாவது திட்டம். ‘மூன்று மீன்’ விடுதியின் பின்புறக் கொடியில் நான்கு குளியலுடைகளும் காய்ந்துகொண்டிருந்தன. கயெத்தான் தன் நீல நிஜாரை மட்டும் உருவி, விறகுக் குவியலின் அடியில் செருகினார். உடை இல்லை, குளியல் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தன் புத்தியை மெச்சிக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு வறுத்த மீனை உள்ளே தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொடியைப் பார்த்தால், ஒரு துணி இல்லை. நான்கும் இல்லை. கவ்விகள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

“திருட்டு!” என்று நோட்பூர்கா கத்தினாள். அவசியத்துக்கு மேலேயே கத்தினாள்.

“என்னுதும் காணோமே!” என்றார் எங்கல்பெர்ட்.

“என்னுதும்தான்” என்றார் வின்சென்ஸ். “என் சைஸுக்கு அதைத் திருடி எவன் என்ன பண்ணுவான்? கூடாரம் போடவா?”

கயெத்தானுக்குத் தலை சுற்றியது. தான் எடுத்தது ஒன்று. மற்ற மூன்று? விடுதிக்கார ஃபிலோமினா அம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“பக்கத்து வீட்டுப் பசுதான். சந்தேகமே வேண்டாம். போன வருஷம் பாதிரியாரோட காலுறையைத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுச்சு.”

“சரி, வேற என்ன பண்றது?” கயெத்தான் துக்கம் காட்டும் முகத்தோடு ஆரம்பித்தார். “இந்த வருஷம் நமக்குக் கொடுத்து வைக்கல…”

“அதெப்படி விடுவேன்? என் விருந்தாளிங்களை ஒரு மாடு தோற்கடிக்கிறதா?” ஃபிலோமினா அம்மாள் மாடிக்கு ஓடினார். பெட்டி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் நான்கு கம்பளிக் குளியலுடைகள். கழுத்திலிருந்து முழங்கால் வரை, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக. அவருடைய தாத்தாவும் அவர் சகோதரர்களும் போட்டது. நாப்தலின் வாசனை ஏரியைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போயிற்று.

உலர்ந்திருக்கும்போது அந்தக் கம்பளி அரித்தது. நனைந்ததும் ஆளுக்குப் பதினோரு கிலோ கனத்தது. மிதவையைச் சுற்றி வரும்போது வின்சென்ஸின் உடை அவருக்கு ஒரு முழம் பின்னால் தனியாக நீந்தி வந்தது.

“எப்படி இருக்கு தலைவரே?” என்று எங்கல்பெர்ட் தண்ணீரிலிருந்து கேட்டார். உதடு கத்தரிக்காய் நிறம்.

“பிரமாதம்!” என்றார் கயெத்தான். வேறு என்ன சொல்ல?

புதன்கிழமைக்கு முழங்காலைத் தேர்ந்தெடுத்தார். எழுபத்தொரு வயசுக்காரனின் முழங்காலை யார் சந்தேகப்பட முடியும்? காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் நொண்டிக்கொண்டே வந்து, பெஞ்சில் ‘அம்மாடி’ என்று விழுந்தார்.

“என்னடா ஆச்சு?” என்றாள் நோட்பூர்கா.

“முழங்கால் பிடிச்சுக்கிச்சு. நடக்கவே முடியல.”

வின்சென்ஸ் மெதுவாகக் கிட்டே வந்தார். அவருடைய பெரிய முகம் நடுங்கியது, குரலும் நடுங்கியது.

“அப்போ… இன்னிக்குக் குளிக்கப் போகலையா? தலைவர் குதிக்கலைன்னா யாரும் குதிக்கக்கூடாது. விதி இருக்கு.”

அந்தக் குரலின் நடுக்கம் கயெத்தானின் நெஞ்சை அறுத்தது. பாவி மனுஷன், எவ்வளவு ஆசையாக வந்திருக்கிறான்! அறுபது வருடச் சிநேகிதன் கண் கலங்கி நிற்கிறான், தான் பொய் முழங்காலோடு உட்கார்ந்திருக்கிறோம். மனசு கேட்கவில்லை.

“யாரு சொன்னா போகலைன்னு?” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “தவழ்ந்தாவது வருவேன்டா!”

வின்சென்ஸின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டது. ஆனந்தக் கண்ணீர் என்று கயெத்தான் எடுத்துக்கொண்டார்.

“தவழ வேண்டாம்” என்றார் எங்கல்பெர்ட், சற்றுக் கம்மிய குரலில். “உனக்கு அவ்வளவு உசிருன்னா நாங்க தூக்கிட்டுப் போறோம்.”

தோட்டத்து நாற்காலியோடு தூக்கினார்கள். தேர் மாதிரி ஆடி ஆடிப் போயிற்று. துறையில் ஒரு பலகை இடறி, தலைவரும் நாற்காலியும் ஒன்றாகக் குதித்தார்கள். கயெத்தான் கூவிய கூவலுக்கு அன்று எதிர்மலையிலிருந்து மூன்று பேர் பதில் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை, காலைக் குளியலுக்குப் பிறகு, கம்பளியையும் மூக்கையும் பிழிந்துவிட்டுக் கயெத்தான் தன் அறையில் உட்கார்ந்து யோசித்தார். தந்திரமெல்லாம் போதும், இனி சட்டம்தான். கிராட்ஸ்லிங் நகராட்சி காலை ஏழு மணி வரை அமைதி நேரம் என்று சட்டம் போட்டு வைத்திருந்தது. அந்த ஊரில் ஆறே முக்காலுக்குப் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினவனை மூன்று தலைமுறைக்கு யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஆறரைக்கு ஏரிக்கரையில் ஊளை? ஒரே ஒரு புகார் போதும். போலீஸ் வரும், தடை வரும். நால்வரும் நகராட்சியைத் திட்டிக்கொண்டே எட்டு மணிக்கு ரொட்டி தின்னலாம். பொது எதிரி ஒருவன் கிடைத்தால் நட்பு இன்னும் கெட்டிப்படும்!

மேசை இழுப்பறையில் விடுதியின் கடிதத்தாள் இருந்தது. எழுதினார்: ‘தினமும் விடியற்காலையில் நான்கு கிழங்கள் ஏரிக்கரையில் கழுத்தறுபட்ட பன்றிகள் போல ஊளையிடுகிறார்கள். அதிலும் முதலில் ஊளையிடுகிறவர் ஆகவே ஆகாது. உடனே தடை செய்யவும். இப்படிக்கு, அமைதி விரும்பி.’ இரண்டாவது வாக்கியத்தைப் படித்து அவரே ரசித்தார்.

நகராட்சித் தபால் பெட்டிக்கு நடந்து போகும் வழியில் எங்கல்பெர்ட் எதிரே வந்தார்.

“எங்கேடா, முழங்காலோட?”

“காத்து வாங்க. நீ?”

“நானும் காத்து வாங்கத்தான்” என்றார் எங்கல்பெர்ட். இருவரும் தொப்பியைத் தூக்கி, அவசர அவசரமாகப் பிரிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் போலீஸ்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் முத்திரை வைத்த உறை. “நீர்ச் சிங்கங்கள் சங்கம்?” என்றார் விறைப்பாக.

கயெத்தானின் உள்ளம் பூத்தது. முகத்தைத் துக்கத்துக்குத் தயார்படுத்திக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். நண்பர்கள் மூவர் முகத்திலும் அதே துக்கம் தயாராக இருந்தது. பாவம்.

நோட்பூர்கா உறையைக் கிழித்து உரக்கப் படித்தாள். “ ‘காலை அமைதி நேரத்தில் தங்கள் சங்கத்தார் எழுப்பும் சத்தம் பற்றிய புகார் நகராட்சி மன்றத்தின் அவசரக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது…’ ”

“அய்யய்யோ” என்றார் கயெத்தான் கச்சிதமாக.

“ ‘அமைதி நேரச் சட்டம் மிகவும் கண்டிப்பானது…’ ”

“கண்டிப்பானதுதான். சட்டம்னா மதிக்கணும்” என்றார் வின்சென்ஸ்.

“ ‘ஆயினும் கோயில் மணி, மாட்டு மணி, கல்யாண வேட்டு, மலைக்கூவல் ஆகிய ஊர்வழக்கங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. தங்கள் காலைக் குளியலும் கூவலும் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடந்து வருவதாலும், பழைய பாணி உடையோடு நடப்பதாக இவ்வாரம் நேரில் பார்த்தவர்கள் சாட்சி சொல்வதாலும், அவற்றைக் கிராட்ஸ்லிங்கின் பாதுகாக்கப்பட்ட ஊர்வழக்கமாக மன்றம் ஒருமனதாக அறிவிக்கிறது. இனி எவரும், சங்கத்தார் உள்பட, அதை நிறுத்த இயலாது. சனிக்கிழமை காலை மேயர் முன்னிலையில் வாத்தியக் குழுவோடு விழா.’ ”

ஜாம் கரண்டி ஒன்று தரையில் விழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

“வாழ்த்துகள்!” என்று போலீஸ்காரர் விறைப்பு கலைந்து சிரித்தார். “என் மாமனார் எதிர்மலையிலதான் மாடு மேய்க்கிறார். உங்க கூவலுக்கு இருபத்திரண்டு வருஷமா பதில் கொடுக்கிறது அவர்தான்!”

நோட்பூர்கா கடிதத்தை மடித்தாள். நெடுநேரம் மடித்தாள். “என்ன ஒரு கௌரவம்” என்றாள். “உனக்காகத்தான் கயெத்தான், ரொம்பச் சந்தோஷமா இருக்கு.”

“எனக்கும் உங்களுக்காகத்தான்” என்றார் கயெத்தான்.

சனிக்கிழமை ஊரே ஏரிக்கரையில் இருந்தது. வாத்தியக் குழுவில் முப்பத்தேழு பேர். பெரிய குழலை ஊதியவர் விட்ட மூச்சில் படகுகள் தாமாகவே நகர்ந்தன. ஃபிலோமினா அம்மாள் தாத்தாவின் உடையைப் பார்த்துக் கைக்குட்டை நனைய நனைய அழுதார். மேயர் பேசினார். மூன்று தடவை ‘இறுதியாக’ என்று சொல்லிவிட்டு மேலும் பேசினார். கம்பளிப் பட்டை உடையில் நான்கு சிங்கங்களும் மரத்துறையில் வரிசையாக நின்று மேலெல்லாம் சொறிந்துகொண்டிருந்தன.

ஆறரை மணி அடித்தது. தலைவர் குதித்தார்.

அன்றைய கூவலைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஐந்து நாள் குளிர், நான்கு நாள் கம்பளி, எட்டு மணி ரொட்டி இனி இல்லவே இல்லை என்ற வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. மலைக்கு மலை பதில் கிளம்பியது. பனிமுகட்டிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்ததாகச் சிலர் சத்தியம் செய்கிறார்கள். பின்னாலேயே மற்ற மூவரும் குதித்து, சளைக்காமல், அதே சோகத்தோடு கூவினார்கள். வாத்தியக் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தச் சந்தோஷத்தை இசைக்குறிப்பா எழுத முடியாதய்யா” என்றார்.

கரையேறியதும் மேயர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இவ்வளவு உற்சாகத்தைக் கோடைக்கு மட்டும் வைப்பது அநியாயம்! ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளிலும் இந்த வழக்கம் நடக்கும். பனிக்கட்டியை வெட்டிக் கொடுப்பது நகராட்சியின் பொறுப்பு!”

கைதட்டலில் வின்சென்ஸ் அப்படியே துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எங்கல்பெர்ட் கண்ணை மூடி ஏதோ ஜெபம் சொன்னார். நோட்பூர்கா மட்டும் நேராக நின்றாள். குளிரில் விறைத்துப்போனதால் அவளால் வேறு மாதிரி நிற்க முடியவில்லை.

கயெத்தான் போர்வைக்குள் சுருண்டு, சூடான மாட்டிறைச்சி சூப்பைக் குடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அப்போது நகராட்சி எழுத்தர் ஒட்டீலியா ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தாள். இருபத்தைந்து வயசுப் பெண், எதையும் ஒளிக்கத் தெரியாத முகம்.

“தலைவரய்யா, இங்கே ஒரு கையெழுத்து. ஊர்வழக்கம்னு பதிவானதுக்கு.”

கயெத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஆற்றாமையோடு மெல்லக் கேட்டார்: “ஏம்மா, அந்தப் புகார் வந்துச்சே, எவனோ ஒரு அமைதி விரும்பி. ஒரு ஆளு மனசு நொந்து எழுதியிருக்கான். அவன் பக்கமும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே?”

ஒட்டீலியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

“ஒரு ஆளா? ஒண்ணுன்னா அடுப்புல போட்டுட்டுச் சும்மா இருந்திருப்போம் ஐயா, நாலு வந்துட்டதாலதான் மன்றத்தைக் கூட்ட வேண்டியதாப் போச்சு. நாலும் வேற வேற கையெழுத்து, நாலும் உங்க விடுதித் தாள்ல, ஆனா அந்த விடுதியில இந்த வாரம் உங்க நாலு பேரைத் தவிர வேற யாரு தங்கியிருக்காங்கன்னுதான் எங்களுக்கு இன்னமும் பிடிபடல.”